பழைய டிராக்டரும் ஒரு நோட்டுப் புத்தகமும்

சாங்வியில் வாழும் நம்மவர்க்கு விநாயகர் விசர்ஜன ஊர்வலம் புதியதொரு காட்சியன்று. பவனா நதி முளா நதியோடு கூடும் இடத்தை அடுத்துள்ள இவ்வூரில், ஆண்டுதோறும் மண்டல்கள் தத்தம் கணபதியை அலங்கரித்து, டிராக்டர் பூட்டிய வண்டியில் எழுந்தருளச் செய்து, டோல் தாஷா முழங்க ஆற்றங்கரைக்குக் கொண்டு செல்வதை நம் குழந்தைகள் மாடியில் நின்று கண்டு களிப்பார்கள். ஒரு காலத்தில் இவ்விடமெல்லாம் விளைநிலமாக இருந்ததென்று இவ்வூர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று இங்கே அடுக்குமாடி வீடுகளே விளைகின்றன. ஆகவே ஊர்வலத்திற்கு வேண்டிய டிராக்டர்கள் மாவல், முள்ஷி வட்டங்களிலிருந்து வந்து சேர்கின்றன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஓர் இரவில் நாம் கண்டதை இம்மாதம் எழுத எண்ணுகிறோம். ஊர்வலம் நம் தெருமுனையில் நின்றபோது, புத்தம் புதியதாகத் தோன்றிய ஒரு டிராக்டரின் முன்புறத்திலிருந்து ஆவி கிளம்பியது. இளைஞர் ஒருவர் ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டு வந்து ரேடியேட்டரில் ஊற்ற முனைந்தார். அப்போது பின்வண்டியில் அமர்ந்திருந்த அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் உரத்த குரலில் அவரைத் தடுத்து நிறுத்தினார். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் அதன் தலைப்பகுதி வெடித்துப்போகும், பொறு என்பது அவர் கூறியதன் பொருள். அரைமணி சென்றபின் அவரே இறங்கி வந்து, ரேடியேட்டரின் முன்வலையில் அடைத்திருந்த வைக்கோல் தூசியையும் பூச்சிகளையும் கையால் எடுத்துக் காட்டினார். அவர் ஓட்டி வந்ததோ 1988ஆம் ஆண்டு வாங்கிய பழைய வண்டி. இரவு முழுவதும் மனிதர் நடக்கும் வேகத்திற்கும் குறைவாக ஊர்ந்தும், அது ஒருமுறையும் முனகவில்லை.

விடியற்காலையில் தேநீர்க்கடை வாசலில் அப்பெரியவரோடு பேசும் வாய்ப்புக் கிட்டியது. "காகா, இவ்வளவு பழைய வண்டியை எப்படி இவ்வளவு நன்றாக வைத்திருக்கிறீர்கள்?" என்று நமக்குத் தெரிந்த மராத்தியில் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்த சாமான் பெட்டியைத் திறந்து, எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். 'வஹி' என்று அதனை இங்கே சொல்வார்கள். தேதி, அன்று ஓடிய மணி, செய்த வேலை ஆகிய மூன்றே பத்திகள். வண்டியின் மணி மீட்டர் கெட்டுப் பல ஆண்டுகள் ஆயினவாம். கைக்கடிகாரத்தைப் பார்த்து அவரே மணியை எழுதி வருகிறார். மழைக்காலத்தில் இந்திராயணி நெல் நடுவதற்குச் சேறடித்த நாள்கள், எண்ணெய் மாற்றிய நாள்கள், கிரீஸ் வைத்த நாள்கள் எல்லாம் அதில் இருந்தன. ரயில்வே அலுவலகத்தில் நாள் முழுதும் பதிவேடுகளோடு பழகுகிறவர்கள் நாம். ஆயினும் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கண்டபோது நமக்கு உண்டானது வெட்கமே. அதற்குக் காரணம் உண்டு.

நம் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர். ஆறு ஏக்கர் நஞ்சை. பயிர் செய்கிறவன் நம் தம்பி. தந்தையார் காலத்தில் வாங்கிய டிராக்டர் ஒன்று அங்கே இருக்கிறது. அந்த ஊர்வலத்திற்கு முந்தின ஆண்டு, புரட்டாசி மாதத்தில், சம்பா நடவுக்குச் சேறடித்துக்கொண்டிருந்தபோது தம்பி தொலைபேசியில் அழைத்தான்.

"அண்ணே, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. நீலப் புகையா அடிக்குது. எஞ்சினை இறக்கணும்னு மெக்கானிக் சொல்றாரு."

"எவ்வளவு ஆகுமாம்?"

"எழுவது, எழுவத்தஞ்சு ஆயிரம் ஆகும்ங்கிறாரு."

மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணத்தை எடுத்து அனுப்பினோம். கட்டணத்திற்குக் கடன் வாங்கினோம். பணம் போயிற்று என்பதைவிட நாள் போயிற்று என்பதே பெரிய இழப்பு. வாய்க்காலில் தண்ணீர் வந்த அந்த வாரத்தில் ஊர் முழுவதற்கும் வண்டி வேண்டியிருந்தது. வாடகை வண்டி நம் வயலுக்கு வர ஐந்து நாள் ஆயிற்று. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும் என்பது நம் வீட்டுப் பெண்களும் அறிந்த செய்தி. அவ்வாண்டு விளைச்சலில் அது தெரிந்தது.

பின்னர் விடுமுறையில் ஊர் சென்றபோது, கழற்றிய பழைய பாகங்களை மெக்கானிக் நமக்குக் காட்டினார். காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்ட்டரின் அடிக்கிண்ணத்தில் எண்ணெய்க்குப் பதிலாகக் களிமண் போன்ற கருஞ்சேறு இறுகியிருந்தது. அங்கிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் ஒரு விரிசல். அதன்மேல் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அவ்வழியே புகுந்த புழுதி, பிஸ்டனுக்கும் லைனருக்கும் இடையில் உப்புத்தாள்போலத் தேய்த்துத் தேய்த்து எஞ்சினின் உயிரைக் குடித்திருந்தது. ஒரு புதிய குழாயின் விலை சில நூறு ரூபாய்தான்.

அதற்கு முந்தின பொங்கலுக்கு அதே வண்டிக்கு நாம் பணம் அனுப்பாமல் இல்லை. புதிய வர்ணம், புதிய இருக்கை, மேலே வெயில் மறைக்கும் கூரை, பாட்டுக் கேட்கும் பெட்டி ஆகியவற்றிற்காகப் பதினோராயிரம் ரூபாய் அனுப்பினோம். வெளியே சந்தனம், உள்ளே புழுதி! எண்ணெய் எப்போது மாற்றினாய் என்று நாமும் கேட்கவில்லை, தம்பியும் சொல்லவில்லை.

இது நம் குடும்பத்துக் கதை மட்டுமன்று. பிம்ப்ரி சிஞ்ச்வடு ஆலைகளிலும் அலுவலகங்களிலும் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல. அவற்றில் சிலவற்றின் வயலிலாவது ஒரு பழைய டிராக்டர் நிற்கும். 'பழசாகிவிட்டது, நம்ப முடியவில்லை, தள்ளிவிட்டுப் புதிது வாங்கலாம்' என்னும் பேச்சு அடிக்கடி எழுகிறது. வண்டியின் வயதுதான் குற்றவாளியா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

இவ்யந்திரங்கள் பிறந்த விதத்தைச் சற்றே நோக்குவோம். அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் என்பவர், கலப்பையை டிராக்டரின் பின்னே வெறுமனே சங்கிலியால் இழுக்காமல், மூன்று இடங்களில் பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கவும் இறக்கவும் செய்யும் முறையைக் கண்டார். மண் கலப்பையை எதிர்க்கும் விசையே வண்டியின் பின் சக்கரங்களை நிலத்தில் அழுத்துவதால், எடை குறைந்த சிறிய வண்டியும் வழுக்காமல் இழுத்தது. இன்று நம் ஊர்களில் ஓடும் ஏறக்குறைய எல்லா டிராக்டர்களிலும் இந்த மும்முனை இணைப்பைக் காணலாம். 1946 முதல் 1956 வரை அவர் பெயரில் வெளிவந்த சிறு சாம்பல்நிற டிராக்டர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவை. எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹில்லாரி, அத்தகைய டிராக்டர்களுக்குச் சங்கிலிப் பட்டை மாட்டி, பனிப்பாலையைக் கடந்து 1958ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் தென் துருவத்தை அடைந்தார். தரைவழியே அத்துருவத்தை எட்டிய முதல் மோட்டார் வண்டிகள் அவையே. பட்டறை ஏதுமில்லாத பனிவெளியில், சென்றவர்களே பழுது பார்த்து ஓட்டிய வண்டிகள் அவை.

1953இல் ஃபெர்குசனின் நிறுவனம் மாசி ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. மாசி ஃபெர்குசன் என்னும் பெயர் அதன்பின் வந்தது. நம் நாட்டில் 1959இல் ஃபரீதாபாத்தில் ஐஷர் டிராக்டர் வெளிவந்தது. 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பெற்று, மாசி ஃபெர்குசன் வண்டிகளைச் செய்யலாயிற்று. அதன் 1035 என்னும் வகையும், அதிலுள்ள மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சினும் தஞ்சை வயல்களில் தெரியாதவர் இல்லை.

இத்தகைய பழைய டீசல் எஞ்சின் நெடுநாள் உழைப்பதற்குக் காரணங்கள் எளியவை. அது நிமிடத்திற்கு ஏறக்குறைய 2000 சுற்றுக்களே சுற்றும். வேகமாகச் சுழன்று தேய்வதில்லை. டீசலைப் பீய்ச்சும் பம்பு முழுவதும் பல்லும் தண்டும் கொண்ட யந்திரமே; மின்னணுக் கருவி எதுவும் அதில் இல்லை. எல்லாவற்றினும் முக்கியமாக, தேயும் பாகங்களையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் ஆகியவற்றை மாற்றிவிட்டால் எஞ்சின் மீண்டும் இளமை பெறுகிறது. ஆகவே பழைய டிராக்டருக்கு இத்தனை வயதில் மரணம் என்று விதி ஏதுமில்லை. அதற்கு மூன்று பகைவர்கள் மட்டுமே உண்டு: புழுதி, நீர், வெப்பம்.

புழுதியைப்பற்றி முன்னரே கூறினோம். பழைய வண்டிகளின் ஏர் ஃபில்ட்டர் எண்ணெய்க் கிண்ணம் உடையது. உள்ளே வரும் காற்று எண்ணெயில் பட்டுத் தூசியை அங்கே விட்டுச் செல்லும். புழுதி உழவிலும் ரோட்டவேட்டர் வேலையிலும் அதனை நாள்தோறும் பார்த்தல் வேண்டும். அடியில் வண்டல் தங்கியிருந்தால் கழுவி, குறி உள்ள அளவிற்குப் புதிய எண்ணெய் ஊற்றுதல் வேண்டும். குறிக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அவ்வெண்ணெயையே உறிஞ்சிவிடும். குழாய்களின் இறுக்கிகளை விரலால் அசைத்துப் பார்ப்பதும் இதில் அடங்கும். எஞ்சின் எண்ணெயை உரிய கைந்நூல் கூறும் மணிக்கு மாற்றுதல் வேண்டும். பல வண்டிகளுக்கு அது 250 மணி. மணிக்கணக்கு எழுதாதவனுக்கு அந்த நாள் எப்போது வந்து போயிற்று என்பதே தெரியாது.

நீர் இரண்டு வழிகளில் பகையாகிறது. ஒன்று டீசல் வழி. பாதி வெறுமையான தொட்டியில் இரவின் குளிர்ச்சியால் ஈரம் துளித்து டீசலில் கலக்கும். பம்பும் நாசிலும் மயிரிழை அளவில் பொருந்திய பாகங்களாதலால் சிறு துரு அவற்றைக் கெடுத்துவிடும். மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைப்பதும், பீப்பாயில் வாங்கி வைத்த டீசலை ஒருநாள் அசையாது தெளியவிட்டு மேலாக எடுப்பதும் இதற்குப் பரிகாரம்.

மற்றொன்று சேற்றின் வழி. நெல் விளையும் நம் ஊர்க்காரர்கள் இதனைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். கோதுமை வயலில் ஓடும் வண்டிக்கு இல்லாத துன்பம், கேஜ் வீல் மாட்டித் தொளியில் இறங்கும் வண்டிக்கு உண்டு. அச்சின் ஆயில் சீல் தேய்ந்திருந்தால் சேற்று நீர் உள்ளே புகும். பிரேக்கிலும் சேறு ஏறும். ஃபெர்குசன் வழிவந்த வண்டிகளில் கியர்ப் பெட்டிக்கும், கலப்பையைத் தூக்கும் ஹைடிராலிக்கிற்கும் ஒரே எண்ணெய்தான். எண்ணெய்ப் பம்பு அதற்குள்ளேயே அமிழ்ந்திருக்கும். அளவுகோலை எடுத்துப் பார்க்கும்போது எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் வெளுத்திருந்தால், நீர் புகுந்துவிட்டதென்று உணர்தல் வேண்டும். அப்படியே ஓட்டினால் ஒரு சீலின் விலையில் முடிய வேண்டியது கியர்ப் பெட்டியின் விலையில் முடியும். சேறடித்த ஒவ்வொரு மாலையும் வண்டியைக் கழுவி, கிரீஸ் வைக்கும் முனைகளிலெல்லாம் பழைய சேறு பிதுங்கி வெளியே வரும்வரை கிரீஸ் அழுத்துதல் வேண்டும். கால் மணி வேலை இது.

வெப்பத்தைப்பற்றி அன்றிரவு காகாவே பாடம் நடத்திவிட்டார். ரேடியேட்டர் வலையைச் சுத்தம் செய்வதும், ஃபேன் பெல்ட்டின் தளர்ச்சியைப் பார்ப்பதும், உப்பு நீரைத் தவிர்ப்பதும் போதும். கிளட்ச் மிதியின்மேல் ஓயாது கால் வைத்து ஓட்டும் பழக்கம் இன்னொரு வகை வெப்பம்; கிளட்ச் தட்டு எரிந்துபோவது பெரும்பாலும் இதனால்தான்.

நிற்க. இவற்றில் ஒன்றும் ஊரில் உள்ளவர்கள் அறியாத இரகசியம் அன்று. ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனம் பூசி மாலையிடும் கைகளுக்கு அளவுகோலை எடுத்துப் பார்க்கவும் தெரியும். தெரிந்தும் தவறுவது ஏன்? இன்று ஓடுகிறதே, நாளை பார்க்கலாம் என்னும் எண்ணமே காரணம். நாம் தொழில் செய்யும் ரயில்வேயில் இதற்கு இடமில்லை. ஆல்கோ என்னும் அமெரிக்க நிறுவனத்தின் வடிவில் அமைந்த டீசல் எஞ்சின்கள் 1962இல் நம் நாட்டிற்கு வந்தன. 1964 முதல் வாரணாசியில் கட்டப்பெற்றன. அவை பல்லாண்டுகள் நாடெங்கும் ஓடின. புணேயிலிருந்து தென்திசை நோக்கி நம்மவரை ஏற்றிச் சென்ற வண்டிகளை நெடுங்காலம் இழுத்தவை டீசல் எஞ்சின்களே. கோர்ப்படியில் உள்ள லோகோ ஷெட்டில், எஞ்சின் பழுதாகி வந்து நிற்கட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினையே குறித்த நாளில் நிறுத்திப் பார்க்கிறார்கள், பார்த்ததை எழுதுகிறார்கள். எழுதியவர் மாற்றலாகிப் போனாலும் எழுத்து அங்கே இருக்கிறது. பழைய யந்திரத்தின் நம்பகம் என்பது அதன் இரும்பில் மட்டும் இல்லை. அதனைப் பற்றிய எழுத்திலும் இருக்கிறது.

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. அது இலாப நட்டக் கணக்கைக் குறித்தது. நாம் சொல்லும் கணக்கு வேறு. இதனைப் பார்த்தால்தான் உழக்காவது மிஞ்சும்.

பழைய வண்டியை எந்நாளும் வைத்துக்கொள்ளுதலே சிறந்ததென்று நாம் வாதிடவில்லை. உதிரிப் பாகம் கிடைக்காத வண்டி, எவ்வளவு நல்லதாயினும், ஒரு நாள் கைவிடும். ஹரியானாவிலுள்ள பின்ஜோரில் 1971 முதல் டிராக்டர் செய்துவந்த எச்.எம்.டி. பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவு செய்தது. நம் ஆகுர்டியைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபோர்ஸ் மோட்டார்ஸ் நிறுவனம், 'பல்வான்' டிராக்டர்களைச் செய்துவந்து, 2024 மார்ச்சு இறுதியோடு அத்தொழிலை விட்டது. ஆகவே பழைய வண்டி வைத்திருப்போர், தம் வண்டிக்குரிய சீல், ஃபில்ட்டர், கிளட்ச் தட்டு ஆகியவை பக்கத்து நகரத்துக் கடையில் கிடைக்கின்றனவா என்பதை உழவுக் காலம் வருமுன்பே விசாரித்து அறிதல் நன்று.

புதிது வாங்குவதற்கு முன்னும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். ஒருவர் வயலில் ஆண்டுக்கு 80 மணி உழவு வேலை என்றும், வாடகை மணிக்கு 1,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். வாடகைச் செலவு 80,000 ரூபாய். புதிய வண்டிக்காக ஆறு லட்சம் ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால், தவணை மட்டும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். அத்தவணையைக் கட்டுகிறவர் பெரும்பாலும் வெளியூரில் சம்பளம் வாங்குகிறவரே. தமிழ்நாட்டு வேளாண்மைப் பொறியியல் துறை உழவு யந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. அதனையும் விசாரித்து, அவரவர் ஊரின் விலையையும் மணியையும் இட்டு இக்கணக்கைச் செய்து பார்ப்பீர்களாக. மணி எத்தனை என்று தெரியவில்லையாயின், நோட்டுப் புத்தகத்தின் அவசியம் அங்கேயே விளங்கிவிடும்.

இன்னொரு செய்தி, வெளியூரில் இருப்போர்க்கே உரியது. பல குடும்பங்களில் வண்டி ஓடுவது ஊரில்; அதன் பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரோ இங்கே இருப்பவருடையது. விவசாய டிராக்டரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் வண்டியைச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்தல் வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பிறர்க்கு நேரும் தீங்கிற்கான காப்பீடு கட்டாயம். காப்பீடு இல்லாத வண்டியால் ஓர் உயிர் போனால், இழப்பீடு கேட்டு வரும் ஓலை பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரை நாடி வரும். சாலையில் செல்லும்போது இரண்டு பிரேக் மிதிகளையும் கொக்கியிட்டு இணைத்தல் வேண்டும். இணைக்காமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒருபுறம் திரும்பிக் கவிழும். மட்கார்டின்மேல் குழந்தைகளை ஏற்றுதலும், நிமிடத்திற்கு 540 சுற்றுச் சுழலும் பின்தண்டின் அருகே வேட்டியோ சேலையோ தொங்க நிற்றலும் கூடவே கூடாது. எஞ்சினுக்குப் புதிய பாகம் வாங்கலாம். மனிதர்க்கு வாங்க முடியாது.

இனி, எழுதச் சற்றுத் தயக்கமான பகுதிக்கு வருகிறோம். காகாவின் நோட்டுப் புத்தகத்தைக் கண்ட ஆர்வத்தில், மறுநாளே தம்பியை அழைத்து, "இனிமேல் எல்லாவற்றையும் எழுதி வை, வாராவாரம் எனக்குச் சொல்" என்றோம். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "நான் என்ன அண்ணே, உங்ககிட்ட கணக்கு ஒப்பிக்கிற ஆளா?" என்று கேட்டான். அக்கேள்வி நம்மைச் சுட்டது. வெயிலிலும் சேற்றிலும் நிற்கிறவன் அவன். நாம் மின்விசிறியின் கீழ் அமர்ந்து பணம் அனுப்புகிறவர்கள். பணம் அனுப்புகிறவன் கேட்கும் கேள்வி, எவ்வளவு நல்லெண்ணத்தோடு கேட்டாலும், தணிக்கைக் கேள்விபோலவே ஒலிக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. மூன்று மாதம் வண்டியைப்பற்றிய பேச்சையே இருவரும் எடுக்கவில்லை.

தைப்பொங்கலுக்கு ஊர் சென்றபோது நாம் கணக்கு எதுவும் கேட்கவில்லை. தம்பியோடு வண்டியைக் கழுவினோம். அவன் காட்டக் காட்ட நாமே கிரீஸ் துப்பாக்கியைப் பிடித்து அழுத்தினோம். எத்தனை முனைகள், எத்தனை முறை குனிய வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது. அடுத்த நாள் எழுந்தபோது இடுப்பு வலித்தது. தம்பி சிரித்தான். "இதை வாரம் ஒரு தடவை செய்யணும்ணே. நடவுச் சமயத்துல தினமும்" என்றான். அன்று மாலை, ஏழாம் வகுப்பில் படிக்கும் அவன் மகள் தன் பழைய பள்ளி நோட்டில் எழுதாமல் மீந்திருந்த பக்கங்களில் மூன்று பத்திகள் கோடிட்டாள். "அப்பா சொன்னா நான் எழுதுறேன் பெரியப்பா" என்றாள். அவன் மறுக்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கும்போது பணம் எவ்வளவு வேண்டும் என்று நாம் தொடங்குவதில்லை. இந்த வாரம் எத்தனை மணி ஓடியது, எண்ணெயின் நிறம் எப்படி, ஏதேனும் சத்தம் மாறியிருக்கிறதா, எந்தப் பாகம் வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்கிறோம். அவனும், இங்கே மழை எப்படி, மகளின் படிப்பு எப்படி என்று கேட்கிறான். சென்ற சம்பாவில் கிளட்ச் தட்டு தேயத் தொடங்கியது என்பதை அவனே முன்கூட்டி உணர்ந்து, ஆடி மாதத்திலேயே மாற்றிவிட்டான். அதற்கான பணம் சிறு தொகையாக, நமக்கும் முன்னரே தெரிந்த தொகையாக இருந்தது. தண்ணீர் வந்த வாரத்தில் வண்டி நிற்கவில்லை. நாற்றும் முற்றவில்லை.

ஊரில் பழைய டிராக்டர் வைத்திருக்கும் அன்பர்கள் அடுத்த முறை செல்லும்போது, குழந்தைகளுக்கு வாங்கும் பண்டங்களோடு நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் பென்சில் ஒன்றையும் எடுத்துச் செல்க. சேறு பட்டால் பேனா எழுத்துக் கரையும். பென்சில் எழுத்துக் கரையாது. ஆனால் நோட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு நாளாவது கிரீஸ் துப்பாக்கியைக் கையில் எடுக்க மறவாதீர்கள்.